மலையில் முதல் கேமிங் கணினி: பாகங்கள் வாங்கும் முன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூரில் இருந்துகொண்டு, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கும் உறவினர் வீடுகளுக்கும் சில ஆண்டுகளாகக் கணினி அசெம்பிள் செய்து கொடுத்து வருகிறேன். கடை வைத்திருப்பவன் அல்லன். எந்தக் கடையிலும் கமிஷன் வாங்குபவனும் அல்லன். ஊட்டி, கோத்தகிரி, கூடலூர்ப் பக்கங்களிலிருந்தும், சில சமயம் கொடைக்கானலிலிருந்தும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளையும், அவற்றுக்கு நான் சொல்லிவந்த பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். சென்னையிலோ மதுரையிலோ இருப்பவர்கள் சொல்லும் யோசனைகள் வெப்பத்தை முதல் எதிரியாக வைத்துச் சொல்லப்படுபவை. மலையில் கணினியைக் கெடுப்பவை ஒழுங்கற்ற மின்சாரம், ஈரம், சர்வீஸ் சென்டர் இருக்கும் தூரம் ஆகிய மூன்றும்தான். ஆகவே பணத்தைப் பிரிக்கும் முறையும் இங்கே சற்று மாறுகிறது.

முதலில் எதை முடிவு செய்ய வேண்டும்?

எந்த விளையாட்டை ஆடப்போகிறீர்கள், எந்த மானிட்டரில் ஆடப்போகிறீர்கள் என்ற இரண்டையும் முடிவு செய்துவிட்டால் மற்றவை தாமாகவே வரிசைக்கு வந்துவிடும். வேலரண்ட், கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 போன்ற போட்டி விளையாட்டுகளுக்கு நொடிக்கு நிறைய பிரேம்கள் (திரையில் அடுத்தடுத்து வரும் படங்கள்) வேண்டும். அதில் கணினியின் மூளையான பிராசசருக்குப் பெரும் பங்கு உண்டு. சைபர்பங்க் 2077 போன்ற கதை விளையாட்டுகளில் சுமையின் பெரும்பகுதி படத்தை வரைந்து தரும் கிராபிக்ஸ் கார்டின் மேல் இறங்கும். 24 அங்குல 1080பி திரைக்கு (மேலிருந்து கீழாக 1080 வரிசைப் புள்ளிகள் கொண்டது) ஒரு கார்டு போதுமென்றால், அதே விளையாட்டை இன்னும் நுணுக்கமான 1440பி திரையில் ஆட அடுத்த நிலைக் கார்டு வேண்டியிருக்கும். முதல் கணினிக்கு 1080பி தாராளமாகப் போதும் என்பது என் கருத்து. இனி வரும் பதில்கள் எல்லாம் அதை வைத்தே எழுதப்பட்டவை.

கையில் இருக்கும் பணத்தை எப்படிப் பிரிப்பது?

பாகங்களின் விலை மாதத்துக்கு மாதம் மாறுவதால் ரூபாய்க் கணக்கு எழுதுவதில் பயனில்லை. பங்குக் கணக்கைச் சொல்கிறேன். மானிட்டர், கீபோர்டு, மவுஸ், யுபிஎஸ் ஆகியவற்றுக்கான தொகையை முதலிலேயே தனியே எடுத்து வைத்துவிடுங்கள். மீதியில் பத்தில் நான்கு பங்கு கிராபிக்ஸ் கார்டுக்கும், இரண்டு பங்கு பிராசசருக்கும் போகட்டும். எஞ்சிய நான்கு பங்கில் மதர்போர்டு (எல்லாப் பாகங்களும் பொருந்தும் பலகை), ரேம் (தற்காலிக நினைவகம்), எஸ்எஸ்டி (கோப்புகளைச் சேமிப்பது), எஸ்எம்பிஎஸ் (பாகங்களுக்கு மின்சாரம் தருவது), கேபினெட் (பெட்டி) ஆகிய ஐந்தும் அடங்க வேண்டும். கடைக்காரர் தரும் கொட்டேஷனில் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கையில் இருந்த பணத்துக்குச் சரியாகக் கணக்குப் போட்டுக் கோயம்புத்தூர் இறங்கிய ஒரு தம்பி, வரியைச் சேர்த்ததும் எஸ்எஸ்டி வாங்கப் பணமில்லாமல் திரும்பி வந்தான்.

பிராசசர் ஏஎம்டியா, இன்டெலா?

இந்த விலைப் படியில் இரண்டுமே நல்லவை. கட்சி கட்ட வேண்டிய அவசியமில்லை. ஏஎம்டி தரப்பில் ரைசன் 5 5600, இன்டெல் தரப்பில் கோர் ஐ5-12400எஃப் ஆகிய இரண்டும் 2022-இல் வந்தவை. இரண்டிலும் 6 கோர்களும் (தனித்தனியே வேலை செய்யும் பகுதிகள்) 12 திரெட்களும் (ஒரே நேரத்தில் ஏற்கும் வேலை வரிசைகள்) உண்டு. இன்னும் குறைக்க வேண்டுமென்றால் 4 கோர் கொண்ட ஐ3-12100எஃப் இருக்கிறது. ஆனால் புதிய விளையாட்டுகளில் அது திணறும் இடங்கள் வரும்.

பெயரின் கடைசியில் எஃப் என்ற எழுத்து இருந்தால் அந்த இன்டெல் பிராசசருக்குள் படம் காட்டும் பகுதி இல்லை என்று பொருள். ரைசன் 5 5600-க்கும் அது இல்லை. ஆகவே கிராபிக்ஸ் கார்டு பழுதாகிக் கோயம்புத்தூருக்கு வாரண்டிக்குப் போய்விட்டால், அது திரும்பி வரும்வரை கணினியே இல்லை. சமவெளியில் இருப்பவருக்கு இது இரண்டு நாள் பாடு. நமக்கு இரண்டு மூன்று வாரம்கூட ஆகலாம். வீட்டில் பள்ளிப் பாடத்துக்கும் இதே கணினிதான் என்றால், சிறிது கூடுதலாகக் கொடுத்து எஃப் இல்லாத ஐ5-12400-ஐ வாங்குவதை நான் வீண் செலவாகக் கருத மாட்டேன்.

ரைசன் 5 7600 ஏஎம்5 என்ற புதிய சாக்கெட்டில் (மதர்போர்டில் பிராசசர் அமரும் இடம்) பொருந்துவது. அந்தச் சாக்கெட்டுக்குக் குறைந்தது 2027 வரை ஆதரவு தருவதாக ஏஎம்டி அறிவித்திருப்பதால், பிற்பாடு மதர்போர்டை மாற்றாமலே பிராசசரை மட்டும் உயர்த்திக்கொள்ள இடமுண்டு. ஆனால் அதற்கு டிடிஆர்4-க்கு அடுத்த தலைமுறையான டிடிஆர்5 ரேம்தான் வேண்டும், செலவு கூடும்.

கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் தொடங்கிவிட்டுப் பிறகு வாங்கிச் சேர்க்கலாமா?

சேர்க்கலாம். ரைசன் 5 5600ஜி போன்ற, உள்ளேயே படம் காட்டும் பகுதி உள்ள பிராசசர்களில் வேலரண்ட், மைன்கிராப்ட் போன்றவை நன்றாகவே ஓடும். ஆனால் 5600ஜி-யில் கேஷ் நினைவகம் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் சிறு நினைவகம்) 5600-இல் இருப்பதில் பாதிதான். கிராபிக்ஸ் கார்டோடு பேசும் பாதையும் ஒரு தலைமுறை பழைய பிசிஐஇ 3.0. எனவே பின்னாளில் நல்ல கார்டு போட்டாலும், 5600 வாங்கியவரை விடச் சற்றுப் பின்தங்கித்தான் இருப்பீர்கள். ஆறு மாதத்தில் கார்டு வாங்குவது உறுதியென்றால் ஆறு மாதம் காத்திருங்கள். உறுதியில்லையென்றால் 5600ஜி-யே நல்ல வழி.

எந்தக் கிராபிக்ஸ் கார்டு?

8 ஜிபி நினைவகத்துக்குக் கீழே போகாதீர்கள் என்பதுதான் முதல் சொல். ஜிடிஎக்ஸ் 1650, ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி ஆகிய கார்டுகள் 4 ஜிபியோடு வந்தவை; இன்றைய கதை விளையாட்டுகளில் அந்த நினைவகம் நிரம்பியதும் படம் விக்கி விக்கி நகரும். 6500 எக்ஸ்டி-க்கு இன்னொரு குறையும் உண்டு: அது மதர்போர்டோடு 4 பாதைகளில் மட்டுமே பேசுகிறது, பழைய பிசிஐஇ 3.0 பலகையில் போட்டால் வேகம் கண்கூடாகக் குறையும்.

குறைந்த செலவுக்கு ரேடியான் ஆர்எக்ஸ் 6600-ஐத்தான் நான் அதிகம் பரிந்துரைத்திருக்கிறேன். 2021-இல் வந்த அந்தக் கார்டில் 8 ஜிபி நினைவகம் உண்டு. முழுச் சுமையிலும் 132 வாட் அளவுக்கே இழுக்கும். அதற்கு மேலே ஜிபோர்ஸ் ஆர்டிஎக்ஸ் 4060. அது 115 வாட்டில் இன்னும் கூடுதலாக வேலை செய்கிறது. 2024 இறுதியில் வந்த இன்டெல் ஆர்க் பி580-இல் 12 ஜிபி நினைவகம் இருப்பது கவர்ச்சிதான். ஆனால் ரீசைசபிள் பார் என்ற வசதி (பிராசசர் கார்டின் நினைவகம் முழுவதையும் ஒரே நேரத்தில் அணுக உதவுவது) மதர்போர்டில் இயங்காவிட்டால் அதன் வேகம் வெகுவாகச் சரியும் என்பதால், பழைய பலகை வைத்திருப்பவர்கள் அதைத் தொட வேண்டாம். ஆர்டிஎக்ஸ் 3050 வாங்கும்போது பெட்டியை நன்றாகப் படியுங்கள்: 2022-இல் வந்த 8 ஜிபி கார்டும், 2024-இல் வந்த 6 ஜிபி கார்டும் ஒரே பெயரில் விற்கப்படுகின்றன. பின்னது வேகம் குறைந்தது. 70 வாட்டில் ஓடுவதால் தனி மின் இணைப்பு தேவைப்படாதது என்பது மட்டும் அதன் சிறப்பு.

வாட் கணக்கை நான் இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. குறைவாக இழுக்கும் கார்டுக்குச் சிறிய யுபிஎஸ் போதும். மின்சாரம் போய்ப் போய் வரும் ஊரில் அதுவும் சேமிப்புதான்.

மதர்போர்டில் எங்கே சிக்கனம் செய்யலாம்?

வண்ண விளக்குகளிலும், ஓவர்கிளாக்கிங் (பிராசசரைக் குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது) வசதியிலும் தாராளமாகச் செய்யலாம். ரைசன் 5 5600-க்கு ஏ520 பலகையே வேலை செய்யும். பி550 கிடைத்தால் பிசிஐஇ 4.0 பாதையும், பெரும்பாலும் எஸ்எஸ்டி செருகும் எம்.2 இடம் இரண்டாவதாக ஒன்றும் கிடைக்கும். பழைய பி450 பலகையைக் குறைந்த விலைக்குத் தருகிறார்கள் என்றால், 5000 வரிசைப் பிராசசருக்கு ஏற்றபடி பயாஸ் (மதர்போர்டைத் தொடக்கி வைக்கும் உள் மென்பொருள்) புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்று கடையிலேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு இருண்ட திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார நேரும்.

இன்டெல் 12-ஆம் தலைமுறைப் பலகைகளில் டிடிஆர்4 ஏற்பவையும் டிடிஆர்5 ஏற்பவையும் தனித்தனியே விற்கப்படுகின்றன. ஒன்றின் ரேம் மற்றொன்றில் நுழையவே நுழையாது.

ரேம் எவ்வளவு? விலை ஏன் இப்படி ஏறிவிட்டது?

16 ஜிபி வேண்டும். அதையும் ஒரே குச்சியாக வாங்காமல் 8 ஜிபி குச்சிகள் இரண்டாக வாங்க வேண்டும். இரண்டு குச்சிகள் போட்டால் பிராசசர் இரு வழிகளில் ஒரே நேரத்தில் நினைவகத்தோடு பேசும். 5600ஜி போல உள் கிராபிக்ஸை நம்பியிருப்பவர்களுக்கு இந்த வேறுபாடு மிகப் பெரிது. நான்கு இடங்கள் உள்ள பலகையில் பிராசசரிலிருந்து எண்ணி 2-ஆவது, 4-ஆவது இடங்களில்தான் அவற்றைச் செருக வேண்டும். பிறகு பயாஸில் எக்ஸ்எம்பி என்ற அமைப்பை இயக்காவிட்டால், 3200 என்று பணம் கொடுத்து வாங்கிய ரேம் 2133 அல்லது 2666 வேகத்தில் காலமெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். திரையில் எந்த எச்சரிக்கையும் வராது.

விலையைப் பொறுத்தவரை, செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போவதால் 2025 இறுதியிலிருந்து உலகம் முழுவதும் ரேமின் விலை கடுமையாக ஏறியது. இந்த நிலையில், பழையதாக வாங்கத் தயங்க வேண்டாத பாகங்களுள் ரேமும் ஒன்று. அசையும் பகுதி இல்லாதது. கெட்டிருந்தால் மெம்டெஸ்ட் என்ற சோதனை மென்பொருளை ஓட்டிக் கண்டுபிடித்துவிடலாம். வீட்டில் யாரிடமாவது டிடிஆர்4 குச்சிகள் சும்மா கிடந்தால், டிடிஆர்4 பலகையைத் தேர்ந்தெடுக்க அதுவே போதுமான காரணம்.

எஸ்எஸ்டி போதுமா? மலை உயரத்தில் ஹார்டு டிஸ்க் கெட்டுவிடும் என்கிறார்களே?

500 ஜிபி என்விஎம்இ (மதர்போர்டில் நேரே செருகும் வேகமான வகை) எஸ்எஸ்டி குறைந்தபட்சம்; முடிந்தால் 1 டிபி. பெரிய விளையாட்டு ஒன்றே 100 ஜிபிக்கு மேல் பிடிக்கும். இங்கே இணையம் மந்தமாக இருக்கும் வீடுகளில், அழித்துவிட்டு மீண்டும் பதிவிறக்குவது இரண்டு நாள் வேலை.

உயரத்தைப் பற்றிய அச்சம் அடியோடு ஆதாரமற்றது அல்ல. ஹார்டு டிஸ்க்கின் படிக்கும் முனை, சுழலும் தட்டின் மேல் காற்று மெத்தை ஒன்றில்தான் மிதக்கிறது. காற்று மெலிந்தால் முனை தாழும். ஆனால் தயாரிப்பாளர்கள் பொதுவாக 3,000 மீட்டர் உயரம் வரை இயங்கலாம் என்று குறிப்பிடுகிறார்கள். நீலகிரியின் மிக உயர்ந்த சிகரமான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். பழைய ஹார்டு டிஸ்க் இருந்தால் படங்களும் பாட்டும் வைத்துக்கொள்ளத் தயங்காமல் பயன்படுத்துங்கள்.

எஸ்எம்பிஎஸ் எத்தனை வாட்? கேபினெட்டோடு இலவசமாக வருவது போதாதா?

இந்தக் கேள்விக்கு மட்டும் நான் சற்று நீளமாகப் பதில் சொல்வது வழக்கம்.

என் முதல் கணினிக்குக் கேபினெட்டோடு சேர்ந்து வந்த எஸ்எம்பிஎஸ்-ஐத்தான் போட்டேன். முகப்பில் 450 என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தது. ஆடி மாதத்து மழையில் ஒரு நாள் மாலை மின்சாரம் நான்கைந்து முறை போய் வந்தது. ஐந்தாவது முறை வந்தபோது ஒரு சிறு வெடிப்பொலியும், கருகிய மீன் போன்ற வாடையும் எழுந்தன. மதர்போர்டும் கூடவே போயிற்று. கழற்றிய எஸ்எம்பிஎஸ்-இன் பக்கவாட்டில் ஒட்டியிருந்த அட்டவணையை அன்றைக்குத்தான் முதன்முறையாகப் படித்தேன். 12 வோல்ட் என்ற கட்டத்துக்குக் கீழே 18 ஆம்பியர் என்றிருந்தது. 12-ஐ 18-ஆல் பெருக்கினால் 216 வாட். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் உண்பது அந்த 12 வோல்ட்டைத்தான். ஆகவே 450 என்ற எண் வெறும் அலங்காரம்.

நீங்களும் கடையில் அந்த அட்டவணையைப் பாருங்கள். தரமான 550 வாட் எஸ்எம்பிஎஸ்-இல் 12 வோல்ட்டுக்கு நேரே 45 ஆம்பியர் அளவில் இருக்கும். பெருக்கினால் 540 வருகிறது அல்லவா, அதுவே நேர்மையான லேபிள். ஆர்எக்ஸ் 6600-க்கு 450 வாட் எஸ்எம்பிஎஸ் போதும் என்று ஏஎம்டி சொல்கிறது. பிற்காலக் கார்டுக்கும் இடம் வைத்து 550 வாட்டாக, 80 பிளஸ் புரோன்ஸ் (வெண்கல) முத்திரையும் ஐந்தாண்டு வாரண்டியும் உள்ளதாக வாங்குங்கள். 80 பிளஸ் என்பது மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் பயன்படுத்துகிறது என்பதற்கான முத்திரை. அது மட்டுமே பாதுகாப்புக்கு உத்தரவாதம் ஆகாது. ஆனால் அந்த முத்திரையே இல்லாததை மலைக்குக் கொண்டுவராதீர்கள்.

கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கிறது. கணினி கெட்டுவிட்டதா?

பெரும்பாலும் கெட்டது கணினியல்ல. வீட்டில் எர்த் இல்லை. எஸ்எம்பிஎஸ்-இன் உள்ளே, மின் இரைச்சலை எர்த் வழியே வெளியேற்றுவதற்காக, பேஸ், நியூட்ரல் ஆகிய இரண்டிலிருந்தும் உலோக உடலுக்கு இரண்டு சிறு கெப்பாசிட்டர்கள் இணைக்கப்பட்டிருக்கும். எர்த் கம்பி சரியாக இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் 230 வோல்ட்டின் ஏறக்குறைய பாதி கேபினெட்டின் மேல் நிற்கும். மின்னோட்டம் மிகச் சிறியது என்பதால் ஆளைக் கொல்லாது. ஆனால் ஈரக்காலோடு சிமெண்டுத் தரையில் நின்று தொட்டால் நன்றாகவே தெரியும். எர்த் உள்ள டிவியோடு எச்டிஎம்ஐ கம்பியைச் செருகும் கணத்தில் அந்தக் கசிவு கிராபிக்ஸ் கார்டின் வழியே பாய்ந்து போர்ட்டைக் கெடுத்ததும் உண்டு.

பழைய எஸ்டேட் லைன் வீடுகளிலும், மரப் பலகை போட்ட பழைய பங்களாக்களிலும் மூன்று ஓட்டைப் பிளக் இருக்கும். மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் கம்பியே இருக்காது. எலக்ட்ரீஷியனை அழைத்து, பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே விளக்கு போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எரியவில்லை என்றால், கிராபிக்ஸ் கார்டை ஒரு படி குறைத்தாவது முதலில் எர்த் போடுங்கள். கம்பியை நியூட்ரலோடு முடிந்துவிட்டு எர்த் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள், அது ஆபத்து.

யுபிஎஸ் அவசியமா? வீட்டில் இன்வர்ட்டர் இருக்கிறதே?

அவசியம். தென்மேற்குப் பருவமழையில் ஊட்டி, கூடலூர்ப் பக்கமும், வடகிழக்குப் பருவமழையில் குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கமும் மரம் சாய்ந்து மின்கம்பி அறுவது ஆண்டுதோறும் நடப்பதுதான். ஆர்எக்ஸ் 6600 போட்ட கணினி விளையாடும்போது மானிட்டரோடு சேர்த்து 250 முதல் 300 வாட் இழுக்கும். 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். சமாளிக்கும், ஆனால் விளிம்பில். 1000 விஏ வாங்கினால் நிம்மதி. எதை வாங்கினாலும், ஆட்டத்தை விட்டு வெளியேறிக் கணினியை ஒழுங்காக அணைப்பதற்கான சில நிமிடங்களுக்கே அது. கரண்ட் வரும்வரை ஆடுவதற்கு அல்ல.

வீட்டு இன்வர்ட்டர் சதுர அலை வகையாக இருந்தால், நல்ல எஸ்எம்பிஎஸ்கள் சில அதில் உறுமும், சில அணைந்தே போகும். மேலும் இன்வர்ட்டர் மாறிக்கொள்ளும் நேரம் யுபிஎஸ்-ஐ விட நீளமானது.

இடி இடிக்கும்போது யுபிஎஸ்-ஐ நம்பாமல் பிளக்கையே பிடுங்கிவிடுங்கள். இணையப் பெட்டியிலிருந்து வரும் லேன் கேபிளையும் சேர்த்து. அந்த வழியாகத்தான் பலருடைய மதர்போர்டு போகிறது.

தண்ணீர் ஓடும் கூலர் வாங்கலாமா?

வேண்டாம். ஏப்ரல் வெயிலில்கூட ஊட்டியில் மின்விசிறி இல்லாமல் தூங்குகிறோம். ரைசன் 5 5600, ஐ5-12400எஃப் ஆகியவற்றின் பெட்டியிலேயே வரும் கூலர் இங்கே போதும். பெட்டியில்லாமல் டிரே என்று விற்கப்படும் பிராசசருக்குக் கூலர் வராது; வாரண்டியையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு நுணுக்கம் உண்டு. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதை விட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு; விசிறி அதே வேகத்தில் சுற்றினாலும் குறைவான வெப்பத்தையே தூக்கிச் செல்லும். ஆனால் காற்று பத்துப் பதினைந்து டிகிரி குளிர்ந்திருப்பதால் மொத்தக் கணக்கில் நமக்கே லாபம். முன்பக்கம் வலை உள்ள சாதாரணக் கேபினெட், முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக இரண்டு விசிறிகள் போதும். மிச்சமாகும் பணம் யுபிஎஸ்-க்குப் போகட்டும்.

ஈரத்திலிருந்து கணினியை எப்படிக் காப்பது?

ஜூலையில் பீரோவுக்குள் செருப்பே பூசணம் பூக்கும் ஊரில் இது நியாயமான கவலை. தினமும் ஒரு மணி நேரமாவது ஓட்டுங்கள். கணினியின் சொந்தச் சூடே அதை உலர்த்தும். மாதக் கணக்கில் ஊருக்குப் போவதாக இருந்தால் பிளக்கைப் பிடுங்கி, பெரிய பிளாஸ்டிக் பையில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு கட்டி வையுங்கள். வெளிச்சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், தரையிலும் வேண்டாம். கேபினெட்டின் பின்னால் மூடப்படாத பிசிஐ இடைவெளிகள் இருந்தால் தகடு போட்டு மூடுங்கள். குளிருக்குச் சூடு தேடி வரும் பல்லி உள்ளே புகுந்து, தானும் செத்துப் பலகையையும் சாகடித்ததைப் பார்த்திருக்கிறேன்.

பலரும் அறியாத ஆபத்து வேறொன்று. குளிர்ந்த பொருளின் மேல் வெதுவெதுப்பான ஈரக் காற்று பட்டால் நீர்த்துளி படியும்; மூக்குக்கண்ணாடியில் படிவதைப் போலத்தான். விடியற்காலையில் குளிரில் கிடந்த கணினியைக் காரில் ஏற்றி, பத்து மணிக்கு மேட்டுப்பாளையம் இறங்கிக் கடையில் வைத்து உடனே ஆன் செய்வது சரியாக அந்தத் தவற்றையே செய்வதாகும். பெட்டியைத் திறக்காமல் இரண்டு மூன்று மணி நேரம் வைத்திருந்து, அறைச் சூட்டுக்கு வந்த பிறகே மின்சாரம் கொடுங்கள்.

எங்கே வாங்குவது? இணையத்திலா, கோயம்புத்தூரிலா?

இரண்டையும் கலந்து வாங்குங்கள். பிராசசர், ரேம், எஸ்எஸ்டி ஆகியவை சிறியவை, அரிதாகவே கெடுபவை, இணையத்தில் விலை குறைவாக இருந்தால் அங்கேயே வாங்கலாம். மதர்போர்டு, கிராபிக்ஸ் கார்டு, மானிட்டர் ஆகிய மூன்றையும் நேரில் போய்ப் போட்டுப் பார்த்து வாங்குவதே மேல். நீலகிரிக்காரர்களுக்குக் கோயம்புத்தூர், கொடைக்கானல்காரர்களுக்குத் திண்டுக்கல் அல்லது மதுரை. ஜிஎஸ்டி பில்லில் சீரியல் எண் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் வாரண்டி நேரத்தில் வாக்குவாதம் வரும். அந்த பிராண்டின் சர்வீஸ் சென்டர் எந்த ஊரில் இருக்கிறது என்பதை வாங்கும் முன்பே கேளுங்கள்.

கடையிலேயே முழுவதும் பொருத்தி எடுத்து வருவதாக இருந்தால், கிராபிக்ஸ் கார்டை மட்டும் கழற்றி அதன் பெட்டியிலேயே மடியில் வைத்துக்கொண்டு வாருங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரும் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் கார்டின் கனம் மதர்போர்டில் அது செருகியிருக்கும் இடத்தை இழுக்கிறது. கேபினெட்டைப் பேருந்தில் படுக்கவைத்து, மதர்போர்டு கீழாக இருக்கும்படி வையுங்கள்.

பழைய பாகங்களை வாங்கலாமா?

ரேமையும் பிராசசரையும் வாங்கலாம். கிராபிக்ஸ் கார்டை எச்சரிக்கையோடு வாங்கலாம். எஸ்எம்பிஎஸ், எஸ்எஸ்டி இரண்டையும் வாங்கவே வேண்டாம்.

பழைய கார்டு வாங்கும்போது விற்பவர் வீட்டிலேயே ஏதேனும் ஒரு கனமான விளையாட்டை அரை மணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். திரையில் புள்ளிகளோ கோடுகளோ வருகின்றனவா, விசிறி கரகரக்கிறதா என்று பாருங்கள். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை ஓட்டினால், பழைய கார்டில் புதிய பெயரை ஏற்றி விற்கும் போலிகளைக் கண்டுகொள்ளலாம்.

அலுவலகத்திலிருந்து கழிக்கப்பட்ட நான்காம் தலைமுறை ஐ5 கணினியை வாங்கிக் கார்டு மட்டும் போடலாமா என்று ஒரு அம்மா கோத்தகிரியிலிருந்து கேட்டிருந்தார்கள். சில ஆண்டுகளுக்கு முன்பென்றால் சரி என்றிருப்பேன். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்பது பெரும்பாலும் இன்டெல் 8-ஆம் தலைமுறையிலிருந்தும் ரைசன் 2000 வரிசையிலிருந்தும்தான். விண்டோஸ் 11-இல் வேலரண்ட் ஆட டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளும் வேண்டும். லினக்ஸ் போட்டுத் தப்பிக்கவும் முடியாது. அந்த விளையாட்டு அதில் ஓடாது.

மானிட்டர்?

24 அங்குலம், 1080பி, ஐபிஎஸ் (பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத திரை வகை), 144 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 144 முறை படத்தைப் புதுப்பிப்பது) அல்லது அதற்கு மேல். வாங்கியதும் இரண்டு காரியம். கேபிளைக் கிராபிக்ஸ் கார்டில் செருகுங்கள், மதர்போர்டில் அல்ல. விண்டோஸின் டிஸ்பிளே அமைப்பில் புதுப்பிப்பு வேகத்தை 144-க்கு மாற்றுங்கள். மாற்றாவிட்டால் அது 60-இலேயே நிற்கும். எட்டு மாதம் 60-இல் ஆடிவிட்டு, மானிட்டர் சரியில்லை என்று என்னிடம் கொண்டுவந்த பையன் ஒருவன் இருக்கிறான்.

நல்ல கார்டு போட்டால் பிங் குறையுமா?

குறையாது. பிங் என்பது உங்கள் வீட்டுக்கும் சர்வருக்கும் இடைப்பட்ட பயணம். வைஃபையை விட்டு லேன் கேபிளில் ஆடினால் ஏற்ற இறக்கம் குறையும்.

வீட்டிலேயே பொருத்த முடியுமா?

முடியும், ஒரு ஸ்டார் ஸ்க்ரூடிரைவரும் ஒரு விடுமுறை நாளும் போதும். ஆனால் ஸ்வெட்டரைக் கழற்றிவிடுங்கள். ஜனவரியில் உறைபனி விழும் நாட்களின் வறண்ட நண்பகல்களில், கம்பளி ஸ்வெட்டரைத் தலைவழியே உருவும்போது படபடவென்று பொறி பறக்குமே, அந்த நிலைமின்சாரம் ஒரு சில்லைக் கொல்லப் போதுமானது. பருத்திச் சட்டையோடு உட்கார்ந்து, பாகத்தைத் தொடும் முன் ஒவ்வொரு முறையும் கேபினெட்டின் பூச்சு இல்லாத உலோகத்தைத் தொட்டுக்கொள்ளுங்கள். மதர்போர்டை அதன் அட்டைப் பெட்டியின் மேல் வைத்துப் பிராசசர், ரேம், எஸ்எஸ்டி மூன்றையும் வெளியிலேயே பொருத்திவிட்டு, பிறகு கேபினெட்டுக்குள் இறக்கினால் கை படாத இடம் என்று எதுவும் இருக்காது.

எல்லாம் பொருத்தியாயிற்று. விசிறி சுற்றுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை. என்ன செய்வது?

பதறி எல்லாவற்றையும் கழற்ற வேண்டாம். மதர்போர்டின் மேல் இடது மூலையில் பிராசசருக்கென்று 8 பின் இணைப்பு ஒன்று தனியே உண்டு; புதிதாகப் பொருத்துபவர்கள் மறப்பது பெரும்பாலும் அதைத்தான். அதைச் செருகியிருந்தால், ரேம் குச்சிகளை எடுத்து, இருபுறமும் டக் என்ற ஒலி கேட்கும்வரை மீண்டும் அழுத்துங்கள். அதற்கும் வரவில்லையென்றால் ஒரே குச்சியை மட்டும் 2-ஆவது இடத்தில் வைத்துப் பாருங்கள். பல பலகைகளில் பிராசசர், ரேம், கார்டு, பூட் என்று நான்கு சிறு விளக்குகள் இருக்கும். எது எரிந்து நிற்கிறதோ அங்கேதான் கோளாறு. ஏஎம்5 பலகையும் டிடிஆர்5 ரேமும் என்றால், முதல்முறை ஆன் செய்யும்போது நினைவகத்தைப் பழக்கிக்கொள்ள அதற்குச் சில நிமிடங்கள் ஆகும். அந்த நேரத்தில் திரை இருண்டே இருக்கும். சுவிட்சைத் தட்டித் தட்டி அணைக்காமல், அடுப்பில் டீத்தண்ணீர் வைத்துவிட்டு வந்து பாருங்கள்.